இந்தப் பாட்டு வேண்டாம்

பிப்ரவரி 4

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

இங்கே நான் நலம், வாலு நலம். குளியலறைக் குழாய் மட்டும் நலமில்லை. போன விடுமுறையில் நீங்கள் சரிசெய்துவிட்டுப் போன பிறகு முன்பைவிட நன்றாக ஒழுகுகிறது. வீட்டு விஷயம் போனில், நம் விஷயம் கடிதத்தில் என்று நாம் வைத்துக்கொண்ட ஏற்பாட்டை நான் மீறுகிறேன் என்பீர்கள். போனில் சொன்னால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வரும். கடிதத்தில் என்றால் உங்களுக்குக் கோபம் வரும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

ஒரு சேதி. நீங்கள் கொடுத்த பென் டிரைவ் பிளாஸ்டர் கரைத்த கிண்ணத்தில் விழுந்துவிட்டது. எடுத்துப் பார்ப்பதற்குள் இறுகிப்போய்விட்டது. பல் அச்சை உடைப்பதுபோல் மெல்ல உடைத்து எடுத்தேன், சுத்தமாகப் பாலிஷ்கூடப் போட்டேன். பளபளவென்று இருக்கிறது, பாட்டுதான் வரவில்லை. எங்கள் பல் கட்டும் கூடத்தில் இப்போது ஸ்பீக்கர் வைக்கக்கூடாது என்று வேறு சொல்லிவிட்டார்கள். அவரவர் காதில் மாட்டிக்கொண்டு அவரவர் கேட்க வேண்டும்.

அதனால் வாலு என் போனில் ஒரு பாட்டு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். புதிதாக வந்திருக்கிறதாம். என்னிடம் ஈமெயில் கிடையாதே, உங்களுடையதைப் போட்டுத்தான் திறந்தாள். உங்களுக்கு ஏதாவது வந்தால் திகைக்க வேண்டாம்.

திறந்தவுடன் அது என்ன கேட்டது தெரியுமா? "உங்களுக்குப் பிடித்த மூன்று பேரைத் தேர்ந்தெடுங்கள்." வட்டம் வட்டமாக முகங்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிவிட்டது. வாலு வந்து பார்த்தாள். "அம்மா, இது என்ன பரீட்சையா? சும்மா யாரையாச்சும் தொடும்மா" என்றாள். எனக்கு யாரைப் பிடிக்கும் என்று யாராவது கேட்டு எத்தனை காலம் ஆயிற்று சொல்லுங்கள். கடைசியில் உங்களுக்குப் பிடித்த மூன்று பேரைத் தொட்டுவிட்டேன். அவர்களும் தெரிந்த முகம்தானே.

முதல் நாள் நீங்கள் போடுகிற மாதிரியே பாட்டுப் போட்டது. எல்லாம் பிரிவு, எல்லாம் கண்ணீர், எல்லாம் மெதுவாக. மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்கிக்கொண்டிருந்தேனா, கை தானாகப் போய் அடுத்தது, அடுத்தது என்று தள்ளியது. அது அதைக் கவனித்திருக்கிறது போலிருக்கிறது. இரண்டு நாளில் உங்கள் ஆட்களை மெல்ல ஒதுக்கிவிட்டு, கொட்டும் தாளமுமாக ஒன்றைப் போட்டுப் பார்த்தது. நான் தள்ளவில்லை. இன்னொன்று போட்டது. அதையும் தள்ளவில்லை. அன்றைக்கு மாலை வரை எனக்குக் கழுத்து வலியே தெரியவில்லை.

குறையும் உண்டு. நடுநடுவே ஒருத்தி வந்து மெத்தை வாங்கு, மெத்தை வாங்கு என்கிறாள். அவள் தொல்லைதான் தாங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பல்லழகி


பிப்ரவரி 17

என் பல்லழகிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்துக்கொண்டு படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் ஒன்று குறைகிறதே என்று பட்டது. ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியில் 'எப்போது வருவீர்கள்' என்று எழுதுவாய். இந்தத் தடவை அந்த இடத்தில் மெத்தைக்காரி உட்கார்ந்திருக்கிறாள்.

நான் நலம். என் அறைக்கூட்டாளி வெல்டர், அதான் குறட்டை, அவனும் நலம். அவன் நலமாக இருப்பது ராத்திரி முழுவதும் எனக்குக் கேட்கிறது. இந்த வாரம் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலை. கதவு பாதி மூடிவிட்டு, யாரோ கூப்பிட்டதுபோல மறுபடி திறக்கிறது. சென்சாரில் தூசி. துடைத்ததும் சரியாகிவிட்டது. மனிதர்களுக்கும் இப்படி ஒரு துணியும் ஸ்பிரிட்டும் போதும் என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பென் டிரைவ் போனால் போகட்டும். ஆனால் அதில் இருந்தது கடையில் வாங்கின சரக்கு இல்லை. ஒவ்வொரு விடுமுறைக்கும் முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்து, இது உனக்குப் பிடிக்கும், இது பிடிக்காது என்று அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கி எடுத்தது. கல்யாணமாகி இருபது வருஷமாக உனக்குப் பாட்டுப் போட்டவன் நான். நேற்று வந்த ஒன்று, அதற்குக் கையில்லை, காலில்லை, வயிறு பசிக்காது, அது உன்னை இரண்டே நாளில் தெரிந்துகொண்டுவிட்டதா? நல்ல கதை.

ஏதோ ஈமெயில் வந்தது. நான் திறந்து பார்க்கவில்லை.

முக்கியமான விஷயம். ஜூலையோடு என் ஒப்பந்தம் முடிகிறது. மேலும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று கம்பெனியில் கேட்கிறார்கள். மே மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். எனக்குப் போதும் என்று இருக்கிறது. நீ 'வா' என்று ஒரு வார்த்தை எழுதினால் மூட்டையைக் கட்டிவிடுவேன். எழுது.

கழுத்துக்குத் தைலம் தடவு. பாட்டால் எல்லாம் வலி போகாது.

உன்,
லிஃப்ட்காரன்


மார்ச் 2

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. உங்களுக்குப் புகைச்சல் என்று உறையைப் பிரிக்கும்போதே வாசனை வந்தது. வாலுவிடம் படித்துக் காட்டினேன், "அப்பாவுக்கு ஆப் மேல பொறாமையா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நிஜத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். எனக்கே இது புதிதாக இருக்கிறது. முன்பெல்லாம் பாட்டு என்றால் அது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும், நான் என் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அப்படி இல்லை. காதில் மாட்டிக்கொண்டதும் மோட்டார் சத்தம் அடங்கிவிடுகிறது, மேசை விளக்கு, மெழுகு, கத்தி, நான், அவ்வளவுதான். நேற்று ஒரு பெரியவருக்கு மேல்வரிசை முழுவதும் செய்தேன். வழக்கமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் முன்பற்களுக்கு வருவேன். நேற்று அதற்குள் சிரிக்கிற மாதிரி வரிசை நின்றுவிட்டது. முதலாளியம்மா கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டா அந்த மனுஷன் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கக் கிளம்பிடுவாரு" என்றார்.

இன்னொன்று கண்டுபிடித்திருக்கிறேன். இதில் நம்மைப்போன்ற ஆட்களே பாட்டுகளை வரிசையாகக் கோத்து வைக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒருவர் 'கைவேலைக்காரர்களுக்கு' என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். பெயர் 'மாடிப்படி'. அவ்வளவுதான், படமும் இல்லை ஒன்றும் இல்லை. நானாகத் தேடவில்லை, அதுவாகக் கொண்டுவந்து கொடுத்தது. அந்த மனிதருக்கு வேலை செய்யும் கையைப் பற்றித் தெரிந்திருக்கிறது. ஆரம்பத்தில் கை சூடாகிற வரை நிதானமாக, பிறகு வேகம், நடுவில் ஒரு பாட்டு மட்டும் மூச்சு வாங்க, மறுபடி வேகம். முடியும்போது நானும் ஒரு வரிசை முடித்திருக்கிறேன். யாரோ என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே கோத்த மாதிரி இருக்கிறது.

பக்கத்து மேசைப் பாலிஷ்காரரிடம் சொன்னேன். அவரும் தலையாட்டிக்கொண்டு கேட்டார்.

குழாய்க்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். வாலுவுக்குத் தேர்வு நெருங்குகிறது. வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் பல்லழகி


மார்ச் 13

என் பல்லழகிக்கு,

வேறு விசேஷம் இல்லையா? வரட்டுமா என்று கேட்டிருந்தேன். இரண்டு பக்கக் கடிதத்தில் முதலாளியம்மாவுக்கு இடம் இருக்கிறது, யாரோ ஒரு பொக்கைவாய்ப் பெரியவருக்கு இடம் இருக்கிறது, குழாய்க்கு இடம் இருக்கிறது. எனக்குப் பதில் எழுத மட்டும் மை தீர்ந்துவிட்டது.

ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிகிறது. யார் அந்த மாடிப்படி? மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் என்றைக்குமே ஆகாது, தெரியும்தானே. தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே கோத்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். உன் தோளுக்குப் பின்னால் நிற்பது யார்? பக்கத்து மேசைப் பாலிஷ்காரர்தானே? தலையாட்டிக்கொண்டு கேட்டாராமே. தன் பட்டியலைத் தானே கேட்டால் யார்தான் தலையாட்ட மாட்டார்கள்?

குறட்டையிடம் கேட்டேன். "அண்ணே, பொம்பளைங்க கேக்குற பாட்டை எல்லாம் ஆராய்ச்சி பண்ணக்கூடாதுண்ணே, தூங்குங்க" என்றான். அவனுக்கென்ன, படுத்தால் தூக்கம்.

நான் போட்ட பாட்டுகளில் ஒன்றுகூடவா உனக்குப் பிடிக்கவில்லை? இருபது வருஷத்தில் ஒருநாள் சொல்லியிருக்கலாமே. ஒவ்வொரு தடவையும் 'நல்லா இருக்கு' என்றுதான் சொன்னாய். அதை நம்பித்தான் அடுத்த தடவையும் பொறுக்கினேன்.

வரட்டுமா, வேண்டாமா? அதை எழுது.

உன்,
லிஃப்ட்காரன்


மார்ச் 30

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

முதலில் பாலிஷ்காரர் விஷயம். அவருக்கு வயது அறுபத்து மூன்று. மோட்டார் சத்தத்தில் ஒரு காது முழுதும் போய், இன்னொன்று போய்க்கொண்டிருக்கிறது. அவர் தலையாட்டியது நான் மனம் நோகக்கூடாது என்பதற்காக. அவர்மேல் சந்தேகப்பட்டதற்கு நீங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மாடிப்படி யாரென்று எனக்குத் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

எப்படியும் இனி நீங்கள் எரிய வேண்டியதில்லை. அது கெட்டுப்போய்விட்டது. இரண்டு வாரமாக என்ன ஆயிற்றோ தெரியவில்லை. முதலில் நான் விரும்பிக் கேட்கிற ஒரு பாட்டைக் காணவில்லை. பிறகு இன்னொன்று. பிறகு மாடிப்படியின் பட்டியலே போய்விட்டது. தேடிப் பிடித்துச் சேர்த்து வைத்தால் மறுநாள் மறுபடி இல்லை. அதற்குப் பதிலாக உங்கள் மூன்று ஆட்களும் வந்து உட்கார்ந்துகொண்டு அழுகிறார்கள். தள்ளத் தள்ள அவர்களே வருகிறார்கள்.

முதலில் என் கைதான் காரணம் என்று நினைத்தேன். விரலில் மெழுகு ஒட்டியிருக்கும், தெரியாமல் எதையாவது அழுத்தியிருப்பேன் என்று. அதற்காகச் சுண்டுவிரலை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு அதனால் மட்டுமே தொட்டுப் பார்த்தேன். அப்படியும் சரியாகவில்லை. வாலுவுக்குத் தேர்வு, அவளைத் தொந்தரவு செய்ய மனமில்லை.

சிரிக்காதீர்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ஆப்புக்காகவா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. என்னை நன்றாகத் தெரிந்த ஒருவர் திடீரென்று யார் நீ என்று கேட்ட மாதிரி இருந்தது. இப்போது காதில் எதையும் மாட்டுவதில்லை. மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் வேலை. முந்தாநாள் ஒரு கோரைப்பல்லைக் கோணலாக வைத்துவிட்டேன், திரும்பி வந்துவிட்டது.

வருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாருங்கள் என்று எழுதுவதற்கு என்ன, ஒரு நிமிஷம் ஆகாது. நீங்கள் வந்தால் வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பல்லழகி


ஏப்ரல் 10

என் பல்லழகிக்கு,

அழாதே. ஓர் எந்திரத்தை நம்பினால் இப்படித்தான். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், இது பழகுவதற்குள்ளேயே புளித்துவிட்டது. கட்டினவன் பொறுக்கிக் கொடுத்தது மாதிரி வருமா? நல்லவேளை, சீக்கிரமே சாயம் வெளுத்தது. உனக்காக எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

நான் வேறொரு பென் டிரைவ் வாங்கியிருக்கிறேன். பாட்டுப் பொறுக்க ஆரம்பித்துவிட்டேன். இந்தத் தடவை கொஞ்சம் வேகமான பாட்டும் ஒன்றிரண்டு சேர்க்கிறேன், சரிதானே? ஜூலையில் நானே கையில் கொண்டுவந்து தருகிறேன்.

ஒரு விதத்தில் இதுவும் நல்லதற்குத்தான். எப்போது பார்த்தாலும் காதை அடைத்துக்கொண்டு இருந்தால் தலைவலிதான் மிஞ்சும். அதுவும் வேலை முடிந்து பஸ்ஸில் திரும்பும்போதும் அந்தத் தகர டப்பாவைத் தட்டுகிற பாட்டா? அதில் பாடுகிறவனும் இல்லை, வார்த்தையும் இல்லை. அது போனதால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

கோரைப்பல் எல்லோருக்கும் கோணும். மனதை விட்டுவிடாதே. சீக்கிரம் பதில் போடு.

உன் அன்பு,
லிஃப்ட்காரன்


ஏப்ரல் 21

வாலுவின் அப்பாவுக்கு,

தகர டப்பாவைத் தட்டுகிற பாட்டைப் பற்றி நான் உங்களுக்கு எழுதவே இல்லை. என் கடிதங்களை எடுத்து வைத்திருப்பீர்கள், பிரித்துப் பாருங்கள். போனிலும் சொல்லவில்லை. வாலுவுக்கும் தெரியாது. அது என் காதுக்குள் மட்டும் கேட்ட பாட்டு. பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மட்டும் போடுவேன்.

தேர்வு முடிந்ததும் வாலுவிடம் போனைக் கொடுத்தேன். இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டாள். இந்தக் கணக்கு இரண்டு போன்களில் திறந்திருக்கிறதாம். ஒன்று என்னுடையது. இன்னொன்று எது என்று அவள் வாயால் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள். பிறகு 'இந்தப் பாட்டு வேண்டாம்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்திய பாட்டுகளையெல்லாம் வரிசையாகக் காட்டினாள். எல்லாம் நான் வேலையில் இருந்த நேரம். என் இரண்டு கையும் மெழுகில் இருந்த நேரம்.

திறந்து பார்க்கவில்லை என்று எழுதினீர்கள். பிறகு, உனக்காக வருத்தமாக இருக்கிறது என்று எழுதினீர்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

இருபது வருஷமாக நீங்கள் போட்டதைக் கேட்டேன். 'நல்லா இருக்கு' என்று சொன்னேன், உண்மை. அவ்வளவு தூரத்திலிருந்து ஆசையாகக் கொண்டுவருகிற மனிதரிடம் வேறென்ன சொல்வது? அது பொய் என்றால் அந்தப் பொய்யை உங்களுக்காகச் சொன்னேன். ஆனால் இது ஒன்று மட்டும்தான் எனக்கென்று இருந்தது. யார் பணமும் செலவாகவில்லை, யாருக்கும் இடைஞ்சல் இல்லை, சமையல் தாமதமாகவில்லை. அதற்குள்ளும் வந்து என் கையைப் பிடித்து இது வேண்டாம், இது வேண்டாம் என்று தள்ளியிருக்கிறீர்கள். நானோ என் விரலைக் குற்றம் சொல்லிக்கொண்டு சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

வரட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். கையெழுத்துப் போட்டுக்கொடுங்கள். இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் வாலு பேசுவாள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா


மே 4

என் பல்லழகிக்கு,

இப்படிக் கூப்பிட உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. வேறு பெயர் எனக்கு வாயில் வரவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக வாலு மட்டும் பேசினாள். "அம்மா இருக்காளா?" என்று கேட்டால் "இருக்காங்கப்பா" என்பாள், போனை உன்னிடம் தர மாட்டாள். நீ அங்கேயே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது.

நான் செய்ததற்குப் பெயர் பொறாமை. வேறு நல்ல வார்த்தை எதுவும் அதற்கு வைக்கப்போவதில்லை. ஆரம்பத்தில் கெட்ட எண்ணம் இல்லை. அந்த ஈமெயிலைத் திறந்து அதில் இருந்த இணைப்பைத் தொட்டேன், உன் கணக்கு என் போனிலும் திறந்துகொண்டது. நீ அங்கே ஒரு பாட்டுப் போட்டால் இங்கே என் போனில் அதன் பெயர் ஓடும். மொட்டை மாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் நீ சிரித்திருப்பாய். பிறகுதான் அந்தப் பெயர்களில் ஒன்றுகூட நான் கொடுத்தது இல்லை என்று கவனித்தேன். அது என்னைக் கடித்தது. ஒரு பாட்டைத் தள்ளினேன். மறுநாள் நீ என் ஆட்களில் ஒருவனின் பாட்டை முழுதும் கேட்டாய். கத்தியும் கையுமாக இருந்திருப்பாய், தள்ள முடிந்திருக்காது. எனக்கு அது தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

உன் கடிதம் வந்த அன்று, வேண்டாம் என்று நான் தள்ளிய பாட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். இரண்டு நாள் ஆயிற்று. ஒரே ஒரு பாட்டாவது எனக்கும் பிடித்துவிட்டால் அதைச் சொல்லி உன்னிடம் சமாதானமாகிவிடலாம் என்று பார்த்தேன். பிடிக்கவில்லை. ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. தகர டப்பாப் பாட்டை மூன்று முறை கேட்டேன், எண்ணெய் வற்றிப்போன புல்லிச் சக்கரம் மாதிரிதான் கேட்கிறது. மாடிப்படியின் பட்டியல் எனக்கு மூச்சு வாங்குகிறது. பொய் எழுதக்கூடாது என்று எழுதுகிறேன்.

அதைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி பல் செதுக்குகிறாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறாள் என்று யோசித்தபோது, அவளை எனக்குத் தெரியாது என்று விளங்கியது. எனக்குப் பயமாக இருந்தது. அவளைப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது.

உன் கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டேன். இனி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கென்று தனியாக ஒன்று திறந்துகொண்டேன். அது ஏதேதோ போட்டுப் பார்க்கிறது. முந்தாநாள் ஒரு பெண் பாடினாள். கொஞ்சம் கரகரத்த குரல். என்ன மொழி என்றே தெரியவில்லை. இரும்புக் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன், கையை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டேன்.

கையெழுத்து விஷயம், நீ சொன்னபடியே செய்கிறேன். மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. ஃபாரம் எல்லாம் நிரப்பி மேசைமேல் வைத்திருக்கிறேன். நீ மறுபடி எழுதாவிட்டால் கொடுத்துவிடுவேன்.

பாலிஷ்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். கேட்கிற காதுப் பக்கம் நின்று சொல்.

உன்,
லிஃப்ட்காரன்


மே 16

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. வேகத் தபாலில் அனுப்புகிறேன், மாதக் கடைசிக்குள் கையில் கிடைக்க வேண்டும் என்று.

பாலிஷ்காரரிடம் சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்டார். "என் வீட்டுக்காரருக்கு உங்கமேல சந்தேகம்" என்றேன். மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்று முழுவதும் தலையை வாரிக்கொண்டே இருந்தார்.

என் பாட்டுகள் திரும்பிவிட்டன. அது இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறது, இடையிடையே உங்கள் ஆள் ஒருவன் வந்து விசும்புகிறான். பரவாயில்லை. கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். அது வாலுவுக்கும் தெரியாது, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். வேலியே பயிரை மேய்ந்த பிறகு வேலிக்கும் ஒரு பூட்டுப் போட வேண்டியதுதான்.

கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. உங்கள் கடிதத்தில் மன்னிப்புக் கேட்ட இடமெல்லாம் படித்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்று எழுதினீர்களே, அந்த இடத்தில்தான் உட்கார்ந்துவிட்டேன். அடுப்படியில் நின்று படித்துக்கொண்டிருந்தவள், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். நாம் இரண்டு பேரும் இத்தனை வருஷமாக ஒருவருக்கொருவர் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றே சொல்லிக் குடும்பம் நடத்தியிருக்கிறோம்.

ஃபாரத்தைக் கொடுக்க வேண்டாம். வாருங்கள். நான் காதில் மாட்டிக்கொண்டிருக்கும்போது என்ன கேட்கிறாய் என்று கேட்கலாம். எடு என்று சொல்லக்கூடாது. பென் டிரைவ் கொண்டுவர வேண்டாம்.

இப்போது நான் இரண்டு நாளாகத் தூங்காத விஷயத்துக்கு வருகிறேன். யார் அவள்?

கரகரத்த குரலாமே. மொழி தெரியாமலே முழுக்கக் கேட்டீர்களாமே, அதுவும் கை வேலையை நிறுத்திவிட்டு. நான் புரிகிற மொழியில் பேசும்போது பாதியிலேயே "சரி சரி, மேல சொல்லு" என்பீர்கள், கை ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருக்கும். அவளுக்கு மட்டும் அந்தக் கை நிற்கிறதோ? எந்த நேரத்தில் கேட்கிறீர்கள்? ஒரு தடவையா, தினமுமா? குறட்டையும் கூட இருந்து கேட்கிறானா, இல்லை தனியாகவா? நேற்று மெழுகில் கடைவாய்ப்பல் செதுக்கிக்கொண்டே இதை யோசித்தேன். பல்லில் பள்ளம் விழுந்துவிட்டது.

எனக்கு வயிறு எரிகிறது. அதற்காக நான் உங்களைப்போல் ஒளிந்து நின்று பொத்தான் அழுத்த மாட்டேன், நேராகவே எழுதிவிட்டேன். உங்களுக்கும் இத்தனை மாதம் இப்படித்தான் எரிந்ததா? பாவம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஒரு நிமிஷம்தான்.

அவள் பெயரை எழுதி அனுப்புங்கள். எனக்குப் பிடிக்காது என்று இப்போதே தெரிகிறது. ஆனாலும் முழுக்கக் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பல்லழகி